உணவைத் தேர்வது யார்?

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டுதல்களை 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் திருத்தி வெளியிட்டது. பதினேழு நெறிகளைக் கொண்ட அந்நூல், நாளொன்றுக்கு 2000 கிலோ கலோரி தேவைப்படும் ஒருவருக்கான உணவை அளந்து காட்டுகிறது. தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காய்கறியும் கீரையுமாக 400 கிராம், பழம் 100 கிராம், பால் 300 மில்லிலிட்டர், கொட்டைகளும் எண்ணெய் வித்துகளும் 35 கிராம், சமையல் எண்ணெய் 27 கிராம் என்பது அதன் கணக்கு. பருப்பின் ஒரு பகுதிக்கு ஈடாக முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றைக் கொள்ளலாம். உப்பு நாளொன்றுக்கு 5 கிராமைத் தாண்டலாகாது. தட்டின் பாதியைக் காய்கறியும் பழமும் நிரப்ப வேண்டும்.

இவ்வளவுகளில் குறை சொல்ல ஏதும் இல்லை. பல்லாண்டு ஆய்வின் பயனாக வகுக்கப்பட்டவை அவை. ஆயினும், இத்தகைய நெறிகள் பொதுவெளிக்கு வரும்போது ஒரு திரிபு நேர்கிறது. சரியாக உண்ணாதவர் அறியாமையாலோ நாவடக்கம் இன்மையாலோ அவ்வாறு உண்கிறார் என்ற எண்ணம், சொல்லப்படாமலேயே அவற்றோடு சேர்ந்து வந்துவிடுகிறது. மருத்துவர் கடிந்துகொள்கிறார், தொலைக்காட்சி அறிவுரை கூறுகிறது, வீட்டில் சமைப்பவர் தலைகுனிகிறார். தட்டில் விழும் உணவைத் தீர்மானித்தவர் அவர்தாமா என்று எவரும் கேட்பதில்லை.

குடும்ப அட்டையின் கணக்கு

நால்வர் கொண்ட ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோர், மேற்கண்ட அளவுகளை மாதக் கணக்காக்கிப் பார்க்கலாம். தானியம் 30 கிலோ வேண்டும். பருப்பு 10 கிலோவுக்குச் சற்று மேல். காய்கறியும் கீரையும் 48 கிலோ. பழம் 12 கிலோ. பால் 36 லிட்டர்.

தமிழ்நாட்டில் அரிசி பெறும் குடும்ப அட்டைதாரருக்கு நியாயவிலைக் கடையில் 2011ஆம் ஆண்டு சூன் மாதம் முதல் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. மாதம் 20 கிலோ அரிசி பெறும் குடும்பத்திற்கு, தானியத் தேவையில் மூன்றில் இரண்டு பங்கு அங்கேயே நிறைவேறிவிடுகிறது. பசி என்னும் பழம்பகையை இம்மாநிலம் பெருமளவு வென்றதற்கு இதுவே முதற்காரணம். அதைக் குறைத்து மதிப்பிடுவது நன்றி மறத்தலாகும். ஆனால், அதே கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் துவரம் பருப்பு மாதம் 1 கிலோ. நால்வருக்கும் முப்பது நாளுக்கும் பகிர்ந்தால் ஒருவருக்கு நாளொன்றுக்கு 8 கிராம் வருகிறது. நெறிநூல் கேட்பது 85 கிராம். மீதமுள்ள 9 கிலோவைச் சந்தை விலையில் வாங்க வேண்டும். காய்கறி, பழம், பால் ஆகியவை முழுவதும் சந்தையைச் சார்ந்தவை.

விலையின்றிக் கிடைக்கும் பண்டம் வயிற்றை நிரப்புகிறது. விலை கொடுத்து வாங்க வேண்டிய பண்டம் சுவைக்காகச் சேர்க்கப்படுகிறது. சோறு மலைபோலவும் குழம்பு ஓடைபோலவும் பொரியல் ஒரு பிடியாகவும் அமைந்த தட்டு, அந்தக் கணக்கின் நேரான விளைவு. நாட்கூலி பெறும் ஒருவர் தக்காளியின் விலை ஏறிய வாரத்தில் புளியைக் கூடுதலாகக் கரைத்து இரசம் வைக்கச் சொல்கிறார் எனில், அவருக்கு உணவு அறிவு இல்லை என்று பொருளாகாது. அவர் அன்றைய பணத்தில் நான்கு வயிறுகளை நிறைக்கும் வழியைப் பிழையின்றி அறிந்திருக்கிறார்.

தானியத்திலிருந்து கிடைக்கும் ஆற்றல் மொத்தத்தில் 45 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்கிறது நெறிநூல். நாட்டில் பலருக்கு அது 50 முதல் 70 விழுக்காடு வரை இருப்பதாகவும் அதே நூல் குறிப்பிடுகிறது. இந்த இடைவெளியை அறிவுரை கொண்டு மட்டும் அடைத்துவிட முடியாது.

அளந்தவரும் உண்டவரும்

உண்ண வேண்டியதை ஒருவர் அளப்பதும், அவ்வளவை வேறொருவர் உண்பதும் இம்மண்ணுக்குப் புதியனவல்ல. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய கொடும்பஞ்சத்தின்போது, வைசிராய் லிட்டனால் அனுப்பப்பட்ட ரிச்சர்டு டெம்பிள், நிவாரணப் பணியில் கல்லுடைத்தும் மண்சுமந்தும் உழைத்தவர்க்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் போதுமென்று 1877இல் விதித்தார். ஒரு பவுண்டு என்பது ஏறத்தாழ 450 கிராம். மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த வில்லியம் கார்னிஷ் அதனைக் கடுமையாக எதிர்த்தார். கடும் உழைப்பில் ஈடுபடும் உடலை அந்த அளவு தாங்காது என்றும், தானியத்தோடு பருப்பும் பிறவும் தேவை என்றும் அவர் வாதிட்டார். நிவாரணப் பணியிடங்களில் மக்கள் நலிந்து மடிந்த பின்னரே, சில மாதங்கள் கழித்துக் கூலி உயர்த்தப்பட்டது. அறிவியலின் பெயரால் பேசப்பட்ட அந்த அளவை உண்மையில் நிர்ணயித்தது கருவூலத்தின் சிக்கனம்.

நீலகிரி மாவட்டத்துக் குன்னூரில் நடந்த மற்றொரு நிகழ்வும் இங்கு எண்ணத்தக்கது. இன்று ஐதராபாத்தில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 1918இல் குன்னூரில் இராபர்ட்டு மெக்காரிசன் என்னும் மருத்துவரால் ஒரு சிறிய ஆய்வுக்கூடமாகத் தொடங்கப்பட்டது; 1958இல்தான் அது ஐதராபாத்திற்கு இடம்பெயர்ந்தது. பெரிபெரி நோயின் காரணத்தை ஆராய்வதே அதன் முதல் நோக்கம். தீட்டப்பட்ட அரிசியை மட்டும் நம்பி வாழ்வோரைத் தாக்கி, கால்களை மரக்கச் செய்து, இதயத்தையும் நலிவிக்கும் நோய் அது. நெல்லின் தவிட்டோடு தயமின் என்னும் உயிர்ச்சத்து நீங்கிவிடுவதே அதற்குக் காரணம். நெல்லை ஊறவைத்து அவித்து உலர்த்திக் குத்தும்போது அச்சத்தின் ஒரு பகுதி அரிசிமணிக்குள் சென்று தங்கிவிடுகிறது. புழுங்கல் அரிசி உண்ட மக்கள், காரணம் அறியாமலேயே, அந்நோயிலிருந்து பெரிதும் தப்பினர்.

மெக்காரிசன் பின்னர் எலிகளைக் குழுக்களாகப் பிரித்து, இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை அவற்றுக்கு அளித்து வளர்ச்சியை ஒப்பிட்டார். முழுக்கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி ஆகியவற்றைக் கொண்ட சீக்கியர் உணவை உண்ட எலிகள் செழித்து வளர்ந்தன. தீட்டிய அரிசியும் சிறிது காய்கறியும் கொண்ட சென்னைப் பகுதி உணவை உண்டவை கடைசி வரிசையில் நின்றன. இவ்வாய்வின் முடிவு பிழையன்று. ஆனால், அதைப் படித்தவர்களுள் பலர் அரிசியையே குற்றவாளியாக்கினர். அரிசியோடு சேர்ந்திருக்க வேண்டிய பாலும் பருப்பும் ஏன் அத்தட்டில் இல்லை என்ற கேள்வி, எலிக்கூண்டுக்கு வெளியே நின்றது.

சோற்றின் மதிப்பு

விலை மட்டுமே உணவைத் தீர்மானிக்கிறது என்று கூறினால் அது பாதி உண்மையே. மதிப்பும் தீர்மானிக்கிறது. சிறுபாணாற்றுப்படையில் பாணர்கள் செல்லும் வழியெல்லாம் உணவு மாறிக்கொண்டே வருகிறது. கடற்கரையில் சுட்ட மீன், வேட்டுவர் குடியில் புளிச்சோறும் இறைச்சியும், மருதநிலத்தில் வெண்சோறும் நண்டுக் கலவையும் என, நிலம் எதை விளைத்ததோ அதுவே விருந்தாயிற்று. வரகும் தினையும் அன்று இழிவாகக் கருதப்படவில்லை.

பின்னாளில் நன்செய் உடையவன் உயர்ந்தவன் ஆனான். அவன் உண்ட நெல்லுச்சோறும் உயர்ந்தது. கேழ்வரகுக் களியும் கம்பங்கூழும் உழைப்பவரின் உணவாகி, அதனாலேயே தாழ்ந்தவை எனப்பட்டன. புன்செய் ஊர்களில் நெல்லுச்சோறு திருநாளுக்கு உரியதாக இருந்த காலத்தை இன்றைய முதியோர் பலர் நினைவில் வைத்திருக்கின்றனர். அக்குடும்பங்கள் நாள்தோறும் சோறு உண்ணத் தொடங்கியபோது அவை பெற்றது உணவு மட்டுமன்று, மானமும்தான். இன்று அவர்களிடம் சென்று கூழுக்குத் திரும்புங்கள் என்று கூறுவோர், முன்னர் அதே கூழைக் காட்டி அவர்களை இகழ்ந்த சமூகத்தின் வழிவந்தோர் என்பதை மறந்துவிடுகின்றனர். 2023ஆம் ஆண்டு பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்டது. அதற்குள் சாமையும் குதிரைவாலியும் நகரத்துப் பேரங்காடிகளில் வண்ண உறைகளில் அரிசியைவிடக் கூடுதல் விலைக்கு ஏறிவிட்டன.

உழைப்பின் கணக்கும் உண்டு. அதை ஆண்கள் எழுதிய உணவு நூல்கள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. வரகின் உமி அடுக்கடுக்கானது. திரிகையில் திரித்து, உரலில் குத்தி, முறத்தில் புடைத்து, மீண்டும் குத்தினால்தான் அது உலைக்கு ஏற்றதாகும். அந்த உலக்கை எப்போதும் பெண்ணின் கையில்தான் இருந்தது. நெல் ஆலைகள் பெருகி, அரைத்த அரிசி கடைக்கு வந்தபோது, பெண்களுக்கு நாளின் சில மணி நேரம் திரும்பக் கிடைத்தது. சிறுதானியத்தை விட்டு அரிசிக்கு மாறியதை வெறும் நாகரிக மோகம் எனப் பழிப்போர், ஒரு மரக்கால் வரகைக் குத்திப் பார்த்தவர்களாக இருக்க வழியில்லை. இன்றும் விடியலில் எழுந்து சமைத்துவிட்டு ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக்கோ நூற்பாலைக்கோ செல்லும் பெண்ணிடம், மூன்று வகைக் காய்கறியை நறுக்கச் சொல்லும் நெறி அவளுடைய நேரத்தைக் கணக்கில் கொள்ளவில்லை. கீரை விலை மலிவானதுதான். அதை ஆய்ந்து, கழுவி, அரிந்து முடிக்கும் அரைமணி நேரம் மலிவானதன்று.

உண்பதில் கடைசியாக அமர்பவளும் அவளே. காய்கறி தீர்ந்து, குழம்பின் அடிப்பகுதி மட்டும் எஞ்சிய நேரத்தில் அவள் தட்டில் சோறு விழுகிறது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு 2019 முதல் 2021 வரை நடைபெற்றது. அதன்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களுள் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தச்சோகை உள்ளது. அதே வயதுப் பெண்களுள் 40.4 விழுக்காட்டினர் மிகை எடை கொண்டோர். இவ்விரு எண்களும் முரண்பட்டவைபோல் தோன்றும். மாவுப்பொருள் மிகுந்தும், இரும்பும் புரதமும் குறைந்தும் அமைந்த ஒரே தட்டு இரண்டையும் விளைவிக்க வல்லது.

தன்கையில் உள்ளது

இவ்வளவையும் ஏற்றுக்கொண்ட பின்னும், தனிமனிதருக்கு எந்தப் பொறுப்பும் இல்லை என்னும் முடிவுக்குச் செல்வது முறையாகாது. திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம், பெயரால் மருந்தைச் சுட்டினாலும், பெரும்பகுதி உணவின் அளவையும் காலத்தையும் பற்றியே பேசுகிறது. செரித்தது அறிந்து உண்ணுதல், தனக்கு ஒவ்வாததை விலக்குதல் ஆகியவற்றுக்குப் பணம் தேவையில்லை. தேநீரில் இரண்டு கரண்டிச் சர்க்கரையை ஒன்றாக்குவதும் அவ்வாறே. உணவோடு சேர்த்தோ உண்டவுடனேயோ தேநீர் அருந்தினால் உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்பது குறைகிறது. ஒரு மணி நேரம் தள்ளி அருந்துவதற்குச் செலவு இல்லை. முருங்கைக்கீரைப் பொரியலோடு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்த்தால் அதே இரும்பு கூடுதலாக உடலில் சேர்கிறது. சோறு வடித்த கஞ்சியோடு உயிர்ச்சத்துகளும் வெளியேறுகின்றன. அக்கஞ்சியைப் பருகிய பாட்டியைப் பத்தாம்பசலி என எண்ணி, அதைச் சாக்கடையில் ஊற்றும் வீடுகள் இன்று மிகுதி. ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் இருக்கும் இலையில் உப்பு 5 கிராமுக்குள் நிற்பது அரிது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஏழைமை இதற்குக் காரணமன்று, பழக்கமே காரணம்.

ஆகவே அறிவுரைக்கு இடம் உண்டு. ஒருவர் கைக்கு எட்டியதைப் பற்றிய அறிவுரை பயன் தருகிறது. கைக்கு எட்டாததைப் பற்றிய அறிவுரையோ, நாளடைவில் கேட்பவரின் செவியை மூடிவிடுகிறது. அப்போது எட்டியதைப் பற்றிய சொற்களும் அவருள் நுழைவதில்லை.

பள்ளி வாயிலில்

பள்ளி விடும் நேரத்தில் வாயிலருகே உள்ள பெட்டிக்கடையைக் கவனித்தால், தேர்வு என்னும் சொல்லின் பொருள் விளங்கும். கயிற்றில் சரம் சரமாகத் தொங்கும் ஐந்து ரூபாய்ப் பொட்டலங்கள் மாணவரின் கண்மட்டத்தில் இருக்கின்றன. கொய்யாப்பழம் விற்கும் தள்ளுவண்டி வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. பொட்டலம் மழையில் நனையாது, அழுகாது, மாதக்கணக்கில் கெடாது. கடைக்காரருக்கு அதனால் இழப்பு இல்லை. கொய்யா இரண்டு நாளில் கனிந்து வீணாகும். அந்த இழப்பு விற்பவர் தலையில் விழும். மாணவரின் நாக்கு தேர்ந்தெடுக்கும் முன்பே, கெட்டுப்போகும் தன்மை என்னும் வணிகக் காரணம் தேர்வை முடித்துவிட்டது.

கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த உணவுப் பண்டங்களைப் பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டர் தொலைவுக்குள் விற்பதையும் விளம்பரம் செய்வதையும், இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020ஆம் ஆண்டு விதிமுறை வழியாகத் தடை செய்துள்ளது. அவ்விதி நடைமுறையில் எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்பதற்கு மேற்சொன்ன பெட்டிக்கடையே சான்று. தென்னமெரிக்க நாடான சிலி, 2016 முதல் இத்தகைய பொட்டலங்களின் முகப்பில் கருப்பு நிற எண்கோண எச்சரிக்கை முத்திரையைக் கட்டாயமாக்கியது. முத்திரை பெற்ற பண்டங்களைப் பள்ளிக்குள் விற்கவும் தடை விதித்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த குழந்தைக்கும் அம்முத்திரை புரியும். இங்கோ, பொட்டலத்தின் பின்புறத்தில் எறும்பளவு எழுத்தில் அச்சிட்ட அட்டவணையே அறிவிப்பாகக் கொள்ளப்படுகிறது.

பொதுச் சமையற்கூடம்

தட்டை மாற்ற அரசால் இயலும் என்பதற்குத் தமிழ்நாட்டைவிடச் சிறந்த சான்று தேட வேண்டியதில்லை. நீதிக்கட்சியினர் பொறுப்பிலிருந்த சென்னை மாநகராட்சி 1920இல் ஆயிரம்விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவளித்தது. காமராசர் 1956இல் மதிய உணவுத் திட்டத்தை மாநில அளவில் கொண்டுசென்றார். எம்.ஜி.ஆர். 1982இல் அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். கருணாநிதி ஆட்சியில் 1989இல் முட்டை சேர்ந்தது. படிப்படியாக அது பள்ளி நாள்தோறும் வழங்கும் நிலைக்கு உயர்ந்தது. 2022 முதல் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவும் கிடைக்கிறது. கட்சிகள் மாறின, சமையற்கூடத்தின் அடுப்பு அணையவில்லை. முட்டை நல்லது என்று பெற்றோருக்கு அறிவுரை கூறி அவர்கள் வாங்கும்வரை காத்திருந்தால், வரிசையில் நின்ற குழந்தையின் தட்டில் அது என்றைக்கு விழுந்திருக்கும்?

அதே வழியில் நியாயவிலைக் கடையும் நகர வேண்டும். நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2023ஆம் ஆண்டு அரிசியில் 2 கிலோவுக்கு ஈடாகக் கேழ்வரகு வழங்கத் தொடங்கியது ஒரு நல்ல முன்னடி. கேழ்வரகு உண்ணும் பழக்கம் ஏற்கெனவே உள்ள மாவட்டங்களாக அவை தேர்ந்தெடுக்கப்பட்டது அறிவார்ந்த செயல். அதற்கு உமி நீக்கும் தொல்லையும் இல்லை, அப்படியே மாவாக்கலாம். ஆயினும், 2 கிலோ கேழ்வரகைவிட இன்னொரு 2 கிலோ பருப்பே இன்றைய தட்டின் குறையை விரைந்து நிரப்பும். அதற்கான செலவு பெரிது என்பார்கள். இரத்தச்சோகைக்கும் நீரிழிவுக்கும் அரசு மருத்துவமனைகளில் ஆகும் செலவு அக்கணக்கில் எதிர்ப்பக்கத்தில் எழுதப்படுவதில்லை.

சத்துணவுத் திட்டத்தின் பயனாளிகள் பத்தாம் வகுப்போடு முடிந்துவிடுகின்றனர். பதினொன்றாம் வகுப்பில் அடியெடுத்து வைக்கும் மாணவியின் உடல், இரும்புச்சத்தை மிகுதியாகக் கேட்கும் பருவத்தில் இருக்கிறது. 16 முதல் 18 வயது வரையிலான பெண்ணுக்கு நாளொன்றுக்கு 32 மில்லிகிராம் இரும்பு தேவை எனத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பரிந்துரைக்கிறது; வளர்ந்த ஆணுக்கு அது 19 மில்லிகிராம் மட்டுமே. வாரம் ஒருமுறை வழங்கப்படும் இரும்புச்சத்து மாத்திரை அவளுக்குக் கிடைக்கிறது. முட்டையும் பருப்பும் சோறும் கிடைப்பதில்லை. விடியலில் வேலைக்குப் புறப்பட்ட தாய் கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சோறோ, அதுவும் இல்லாத நாளில் வாயிற்கடைப் பொட்டலமோ அவளது மதிய உணவாகிறது. அவளுடைய வகுப்பறைக்கும் பள்ளியின் சமையற்கூடத்திற்கும் இடையே ஒரு விளையாட்டுத் திடலின் தொலைவுகூட இல்லை. உணவு மணி அடிக்கும்போது அங்கே அவித்த முட்டைகள் தலைக்கணக்குப் பார்த்து எண்ணப்படுகின்றன. சென்ற ஆண்டு அந்தக் கணக்கில் இருந்த அவள், இந்த ஆண்டு இல்லை.